உங்களுக்குத் தெரியுமா? கதைக்குள் ஒளிந்திருக்கும் கடைச்சரக்கு

● சமையல் வீடியோவில் எண்ணெய்ப் பாட்டிலைக் கவனியுங்கள். காசு வாங்கி எடுத்த வீடியோ என்றால், ஊற்றிவிட்டுக் கீழே வைத்த பிறகும் லேபிள் நம்மைப் பார்த்தே நிற்கும். நம் அடுப்படியில் எந்தப் பாட்டில் அப்படி நிற்கிறது?

● இது இணையத்தோடு வந்த வித்தை அல்ல. 1900-இல் பிரான்சின் மிஷலின் டயர் நிறுவனம், கார் ஓட்டுபவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை ஏறக்குறைய 35,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. அந்த நாட்டில் அப்போது 3,000 கார்கூட இல்லை! ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் புதிது வாங்குவார்கள். டயருக்கு ஏறிய கிராக்கிதான் பேராக் காடுகளை அழித்து ரப்பர்ப் பால் மரம் நட வைத்தது, நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றியது.

● யூடியூப் வந்தது 2005-இல். அதற்கு நான்கு ஆண்டு முன்பே பிஎம்டபிள்யூ கார் நிறுவனம் ஆங் லீ, வோங் கார் வாய் போன்ற இயக்குநர்களை வைத்துக் குறும்படங்கள் எடுத்து இணையத்தில் விட்டது.

● 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்திலிருந்து சுகு, பவித்ரா தம்பதியின் சமையல் வீடியோக்கள் வந்தன. பெரிய சமையலறை இல்லை, அலங்காரம் இல்லை. பவித்ரா மலாயில் பேசிக்கொண்டே சமைத்தார். நாடே பார்த்தது, அப்போதைய பிரதமர் முஹிடின் யாசினும் பாராட்டினார். இப்படிச் சேரும் நம்பிக்கையைத்தான் நிறுவனங்கள் தேடி வருகின்றன. காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்றுக்கு அவர்கள் விலை பேசுகிறார்கள். அதனால்தான் எனக்குக் கவலை.

● காசு வாங்கினால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் விதி வகுத்தது. மலேசியாவின் உள்ளடக்க நெறிமுறையிலும் 2022-இல் அது சேர்ந்தது. நல்ல விதி. சொன்னால் பார்க்கமாட்டார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு அடுத்த செய்தி.

● ஈப்போவில் 'செபெட்' படத்தை எடுத்த யாஸ்மின் அகமட், தொழிலால் விளம்பர இயக்குநராக இருந்தவர். 2007 சுதந்திர தினத்துக்காக பெட்ரோனாஸ் நிறுவனத்துக்கு அவர் எடுத்த 'டான் ஹோங் மிங் காதலில்' என்ற விளம்பரத்தில் பெட்ரோலும் இல்லை, பங்க்கும் இல்லை. 2008-இல் கான் விளம்பர விழாவில் அதற்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது. உனக்கு யாரைப் பிடிக்கும் என்று ஒரு சீனப் பையனிடம் கேட்கிறார்கள். வெட்கத்தோடு ஒரு மலாய்ச் சிறுமியின் பெயரைச் சொல்கிறான். அவளை அழைத்துக் கேட்டால், அவளும் அவன் பெயரையே சொல்கிறாள். பையன் வாய் பிளந்து நிற்கிறான். இருவரும் கைகோத்து நடந்துபோகிறார்கள். அதன் பிறகுதான் நிறுவனத்தின் பெயர் வருகிறது.