ஃபார்மேட் செய்வதற்கு முன் அந்த எரரைப் படியுங்கள்



பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகளும், குரும்பலூர், வேப்பந்தட்டை, அரியலூர் அரசுக் கல்லூரிகளில் கணினிப் பாடம் படிக்கும் பிள்ளைகளும் நம் கல்விக் குழுவிடம் அடிக்கடி ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். புரோகிராம் தப்பான விடை தருகிறது என்பதல்ல அது. புரோகிராம் ஓடவே மாட்டேன் என்கிறது என்பதுதான். எழுதியதில் ஒரு வரிகூட வேலை செய்வதற்கு முன் நாலைந்து வரி சிவப்பு எழுத்து வந்து நின்றுவிடுகிறது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் நமக்குக் கவலை. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒரு லேப்டாப் இருந்தாலே பெரிது. வளைகுடாவில் இருக்கும் மாமா கொடுத்துவிட்டதாகவோ, அக்காவுக்கு அரசு கொடுத்ததாகவோ இருக்கும். எரர் வந்ததும் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடைக்காரர் காரணம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லாமல் ஃபார்மேட் போட்டுத் தருகிறார். பணம் போவது ஒரு பக்கம். பிள்ளை செய்து வைத்திருந்த புராஜெக்ட், அக்காவின் சான்றிதழ் நகல்கள், நிக்காஹ் படங்கள் எல்லாம் அதோடு போய்விடுகின்றன. புதிதாக நிறுவிய பிறகும் அதே எரர் வந்தால், "இந்தப் படிப்பு நமக்கு வராது" என்று பிள்ளையே முடிவு கட்டிவிடுகிறது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் வேகமாக நடந்துவிடுகிறது.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். அரிசி உலையில் விழுவதற்கு முன்பே தேக்சா வந்திருக்க வேண்டும், விறகு இருக்க வேண்டும், தண்ணீர் பிடித்திருக்க வேண்டும். விறகு வரவில்லை என்றால் கஞ்சி இல்லை; ஆனால் அது காய்ச்சுபவரின் கைப்பக்குவக் குறை அல்ல. புரோகிராமுக்கும் இப்படி ஒரு முன்னேற்பாடு உண்டு. நினைவகத்தில் இடம் பிடிப்பது, தேவையான தொகுதிகளைத் தேடி எடுப்பது, மாறிகளுக்கு முதல் மதிப்பு கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். இதைத்தான் இனிஷியலைசேஷன் என்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் எது வந்து சேரவில்லை என்பதை அந்தச் சிவப்பு எழுத்தே பெரும்பாலும் சொல்லிவிடும்.

பைத்தானில் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ரேண்டம் என்ற தொகுதியைப் பழகும் பிள்ளை, தன் கோப்புக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்துச் சேமிக்கிறது. இயல்புதானே, பாட நோட்டில்கூட அந்தத் தலைப்புதான் இருக்கும். ஓட்டினால் "பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்" என்று எரர் வருகிறது. பாதி மட்டும் தயாரான தொகுதி என்று பொருள். காரணம் இதுதான்: ஒரு தொகுதியைக் கேட்டால் பைத்தான் நிறுவப்பட்ட இடத்தில் தேடுவதற்கு முன், உங்கள் கோப்பு இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். அங்கே ரேண்டம் என்ற பெயரில் பிள்ளை எழுதிய கோப்பே இருக்கிறது. அதை எடுத்து ஏற்றத் தொடங்குகிறது. அந்தக் கோப்பு மறுபடியும் ரேண்டமைக் கேட்கிறது. தன்னையே தான் பாதியில் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்த ஒரு கோப்பு அதே ஃபோல்டரில் இருக்கும் மற்ற புரோகிராம்களையும் கெடுக்கும். வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் உள்ளுக்குள் பைத்தானின் வேறு தொகுதிகளைக் கூப்பிடுகிறது. அவற்றில் ஒன்று ரேண்டமைக் கூப்பிடுகிறது. ஆகவே நேற்று வரை நன்றாக ஓடிய வரைபடப் புரோகிராம் இன்று ஓடாது. பிள்ளை அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்காது. "சிஸ்டம் கெட்டுப்போச்சு" என்று வீட்டில் சொல்வது இப்படித்தான் தொடங்குகிறது. இதற்கு மருந்து கோப்பின் பெயரை மாற்றுவது மட்டுமே. ரேண்டம் பயிற்சி 1 என்பதுபோல் வைத்தால் போதும். 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13 பதிப்பு, பெயர் மோதுகிறது, மாற்றிப் பாருங்கள் என்று தானே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

மேட்பிளாட்லிப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் வருகிறது. "நோ மாட்யூல் நேம்டு" என்று வந்தால் அந்தத் தொகுதி இல்லை என்று பொருள். நிறுவிய பிறகும் அதே செய்தி வந்தால், பெரும்பாலும் அந்தக் கணினியில் இரண்டு பைத்தான் இருக்கும். தொகுதி ஒன்றில் ஏறியிருக்கும், பிள்ளை மற்றொன்றில் ஓட்டிக்கொண்டிருக்கும். ஐடில் திரையில் சிஸ் தொகுதியை இம்போர்ட் செய்து, அதன் எக்ஸிக்யூட்டபிள் என்பதைக் கேட்டால் எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று முகவரியோடு காட்டும். அந்த முகவரியில் இருப்பதைக் கொண்டே தொகுதியை நிறுவ வேண்டும்.

சி பிளஸ் பிளஸ் புரோகிராமைப் பைத்தான் வழியாக ஓட்டும் பாடத்தில் ஜி பிளஸ் பிளஸ் என்ற கட்டளையைத் தெரியவில்லை என்று விண்டோஸ் சொல்லும். அந்தக் கம்பைலர் இருக்கும் ஃபோல்டரை பாத் என்ற அமைப்பில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு, திறந்திருக்கும் கட்டளைச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழைய சாளரத்துக்குப் புதிய பாத் தெரியாது. இந்த ஒன்றைச் செய்யாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஜாவா. அதில் வரும் செய்தி பெயரிலேயே இதைச் சொல்கிறது: விஎம்மின் இனிஷியலைசேஷனில் பிழை, ஆப்ஜெக்ட் ஹீப்புக்குப் போதிய இடம் ஒதுக்க முடியவில்லை. உடனே ரேம் வாங்கித் தரச் சொல்லி அத்தாவிடம் நிற்க வேண்டாம். 32 பிட் ஜாவாவுக்கு விண்டோஸில் சுமார் ஒன்றரை ஜிபி வரைதான் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும். கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தாலும் அதே அளவுதான். அதனிடம் 2 ஜிபி கேட்டால் தொடங்காது. யார் கேட்டது? எரருக்கு மேலே "பிக்டு அப்" என்று தொடங்கும் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எப்போதோ ஏதோ விளையாட்டுக்காக வீடியோ பார்த்துப் போட்ட அமைப்பு எல்லா ஜாவா புரோகிராமுக்கும் அந்த அளவைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்விரான்மெண்ட் வேரியபிள்ஸ் பகுதியில் அதை நீக்கினால் போதும். வெர்ஷனைக் கேட்டுப் பார்த்து 64 பிட் என்று வராவிட்டால், 64 பிட் ஜாவாவைப் போட்டுக்கொள்வதும் நல்லது.

ஜாவாவில் ஒரு கிளாஸின் முன்னேற்பாடு முதல்முறை தோற்கும்போது உண்மையான காரணத்தை முழுதாகச் சொல்லும். அதே ஓட்டத்தில் இரண்டாம் முறை அந்தக் கிளாஸைத் தொட்டால், "இனிஷியலைஸ் செய்ய முடியவில்லை" என்பதுதான் முன்னே நிற்கும். பிள்ளைகள் திரையின் அடியில் இருக்கும் இந்தக் கடைசிச் செய்தியைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். மேலே உருட்டி, முதலில் வந்த எரரையும் அதன் கீழ் "காஸ்டு பை" என்று இருக்கும் வரியையும் பார்க்க வேண்டும். பைத்தானில் பழக்கம் வேறு; அங்கே முதலில் படிக்க வேண்டியது கடைசி வரி.

எரரே வராத ஒரு வகைதான் எங்களை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஒரு வீட்டின் ரொக்கம், நகை மதிப்பு, கடைச் சரக்கு ஆகியவற்றைக் கூட்டி இரண்டரை சதவீதம் ஜகாத் கணக்கிடும் புரோகிராமை ஒரு பிள்ளை சி பிளஸ் பிளஸில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் என்ற மாறியை ஃபங்ஷனுக்குள் அறிவித்துவிட்டு, அதற்குத் தொடக்கத்தில் பூஜ்ஜியம் கொடுக்க விட்டுப்போனது. பைத்தானாக இருந்தால் அப்போதே நிறுத்தி, அந்த மாறிக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடும். சி பிளஸ் பிளஸ் சொல்லாது. அந்த நினைவக இடத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண்ணோடு கூட்டத் தொடங்கிவிடும். கல்லூரி லேபில் தற்செயலாக அது பூஜ்ஜியமாக இருந்து சரியான விடை வரலாம். வீட்டு லேப்டாப்பில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரலாம். கம்பைல் செய்யும்போது எச்சரிக்கைகளைக் காட்டும் அமைப்பைப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் பிடித்துக்கொடுக்கும். மாறியை அறிவிக்கும் வரியிலேயே மதிப்பும் கொடுக்கும் பழக்கம் அதைவிடப் பாதுகாப்பானது.

டிஎல்எல் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று செய்தி வந்தால், அதைக் கண்ட இடத்திலிருந்தும் இறக்கிப் போடாதீர்கள். வைரஸ் வருவதற்கு அது நேர்வழி. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை நிறுவினால் சரியாகும். ஹார்ட் டிஸ்க்கே பழுதாகி வந்தாலோ, வைரஸ் முழுக்கப் பரவியிருந்தாலோ ஃபார்மேட் தேவைப்படும்தான். அப்போதும் முதலில் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். விண்டோஸ் எழும்பாவிட்டாலும், அரசு லேப்டாப்பில் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இருந்தால் அதன் வழியாகத் திறந்து கோப்புகளை எடுக்க முடியும்.

செய்முறைத் தேர்வு நெருங்கும் நாட்களில் நம் அலுவலகத்துக்கு லேப்டாப் கொண்டுவரும் பிள்ளைகள் சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எரர் வந்த திரையை மேலிருந்து கீழ் வரை முழுதாகப் படம் எடுத்து வையுங்கள். கடைசியாக நன்றாக ஓடியது எந்த நாள், அதற்குப் பிறகு என்னென்ன நிறுவினீர்கள், எந்தப் பெயரை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வந்தால், இன்ஷா அல்லாஹ், அன்றைக்கே பார்த்துக் கொடுத்துவிட முயல்கிறோம்.