காணாத காருக்குக் கொடுத்த முற்பணம்

எமது பாட்டனார் மாடு வாங்கப் புறப்பட்டாரானால் அன்றைய பொழுது முழுவதும் அதற்கே சரியாகிவிடும். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார், சுட்டிருக்கும் குறி யாருடைய குறி என்று அயலிலே விசாரிப்பார். இத்தனைக்கும் பிறகே துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவார். அந்தப் பாட்டனாரின் பேரனாகிய நாம், பட்டதாரி என்றும் கல்லூரி ஆசிரியர் என்றும் பெயர் படைத்த நாம், 2023ஆம் ஆண்டிலே கண்ணாற் காணாத ஒரு காருக்காக, முகந்தெரியாத ஒருவருக்கு 75,000 ரூபா முற்பணம் அனுப்பினோம். இதனைச் சொல்வதில் எமக்குப் பெருமை இல்லை. ஆயினும், கார் வாங்கும் யோசனையுடன் இரவிரவாகக் கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்போர் வாசகர்களிடையே பலர் இருப்பர் என்பதால் வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு எழுதுகின்றோம்.

காலத்தின் நிலை வாசகர் அறிந்ததே. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை பவுண் விலைபோல் ஏறிற்று. எமது தாயாருக்கோ முழங்கால் நோய். மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். முச்சக்கர வண்டியில் ஏறி இறங்குவதற்குள் அவர் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வங்கிக் கடனும் சேமிப்பும் வெளிநாட்டிலுள்ள தம்பியின் உதவியுமாகப் பணம் சேர்ந்தது. அப்பொழுதுதான் அந்த விளம்பரம் கண்ணிற் பட்டது.

2014ஆம் ஆண்டு வாகன் ஆர் கார், வெள்ளை நிறம், ஒரே உரிமையாளர், கார் நிற்பது கொழும்புப் புறநகர் ஒன்றில். அதே ஆண்டுக் கார்களுக்கு ஏனையோர் 50 இலட்சத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்க, இவர் கேட்டது 38 இலட்சம். தொலைபேசியில் பேசினோம். இனிய குரல், நல்ல தமிழ், வடபகுதியே தமது ஊர் என்றார். இரண்டு கிழமையில் குடும்பத்துடன் கனடா பயணமாம். அதனாலேயே இந்த விலையாம். நாம் ஆசிரியர் என்று அறிந்ததும், "சேர், உங்களைப் போல ஒருத்தரிட்டைக் குடுத்தால்தான் எனக்கு மனம் ஆறும்" என்றார். கேளாமலே பதிவுச் சான்றிதழின் படத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார். பின்னர், கண்டியிலிருந்து ஒருவர் மறுநாட் காலையில் முழுப் பணத்துடன் வருவதாகவும், 75,000 ரூபா வைப்புச் செய்தால் அவரைத் தடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

"இஞ்சாருங்கோ, காரைப் பாக்காமல் ஏன் காசைப் போடுறியள்?" என்று எமது இல்லாள் கேட்டார். வகுப்பிலே மாணவருக்குத் தருக்கம் போதிக்கும் நாம் அக்கேள்விக்கு விடை கூறாது, கைத்தொலைபேசி வழியாகவே பணத்தை அனுப்பினோம்.

மறுநாள் வேறொரு செய்தி வந்தது. லீசிங் கம்பனிக்குக் கொடுக்க வேண்டிய மீதி ஒரு இலட்சத்தைக் கட்டினால் 'புத்தகம்' உடனே கைக்கு வந்துவிடுமாம். அப்பொழுதுதான் எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனிடம் காரின் படத்தைக் காட்டினோம். அவன் அதனைப் படத்தேடலில் இட்டு இரண்டு நிமிடத்தில் முகத்தைச் சுளித்தான். அதே கார், அதே வீட்டு மதில்; முந்திய ஆண்டு விளம்பரம் ஒன்றில், வேறு ஊர், வேறு பெயர், வேறு விலை! "சேர், காசு போட்டிட்டியளோ?" என்று அவன் மெல்லக் கேட்ட கேள்வியே இந்த விவகாரம் முழுவதிலும் எம்மை அதிகம் வருத்தியது. இனிய குரலுக்குரிய தொலைபேசி அன்று மாலையே அடங்கிவிட்டது. வங்கியில் விசாரித்தால் பணம் அனுப்பிய அன்றே எடுக்கப்பட்டிருந்தது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். கணக்குக்குரியவர் தமது வங்கி அட்டையைச் சிறு தொகைக்கு வேறொருவரிடம் கொடுத்திருந்த ஓர் ஏழை என்று பின்னர் அறிந்தோம்.

ஆறுதலாக இருந்து யோசித்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. அந்த மனிதரின் மூலதனம் காருமன்று, கள்ளப் பத்திரமுமன்று. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கிடக்கும் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரமே அவரது மூலதனம். கொழும்பிலே இருப்பவன் அரைமணி நேரத்திற் போய்ப் பார்த்துவிடுவான். அவனிடம் இந்த வித்தை செல்லாது. மன்னாரிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவனுக்கே பயணச் செலவும் ஒருநாள் லீவும் பெரிதாகத் தோன்றும். அவனே 'ஒரு முற்பணம்தானே' என்று எண்ணுவான். பயணத்தை மிச்சம் பிடிக்க நினைத்த எமக்கு அது எத்தனை பயணங்களின் செலவு என்று கணக்குப் பார்த்து மனம் நொந்தோம். அனுப்பிய பத்திரப் படங்களோ வேறு யாரோ ஒருவருடையவை. தமது காரை விற்கும்போது நம்பிக்கையுடன் எவருக்கோ அனுப்பியவையாக இருக்கலாம். இன்னொன்று: கார் ஒருவர் பெயரில், அடையாள அட்டையும் அவர் பெயரில், வங்கிக் கணக்கு மட்டும் வேறொருவர் பெயரில் இருந்தது. அதைக் கண்டும் நாம் காணாதவர்போல் இருந்துவிட்டோம்.

அடுத்த முறை எமது ஊர்க் கராஜ்காரர் ஒருவரைக் கையோடு அழைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். இம்முறை கார் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அதுவும் பொய் சொல்லிற்று. ஓடிய தூரம் 62,000 கிலோமீற்றர் என்று மானி காட்டியது. கராஜ்காரர் மானியைப் பார்க்கவேயில்லை. பிறேக் மிதியின் இறப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்ததையும், சுக்கானின் தோல் பளபளத்ததையும், சாரதி ஆசனத்தின் ஓரம் நைந்திருந்ததையும் விரலால் தடவிக் காட்டினார். பாட்டனார் மாட்டின் பல்லைப் பார்த்த அதே கண்! பின்னர் காரின் செசி இலக்கத்தைத் தமக்குத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, ஜப்பானில் அக்கார் ஏலம் போனபோது எழுதப்பட்ட 'ஒக்ஷன் ஷீட்' என்னும் தாளைப் பெற்றார். 2017இல் ஜப்பானிலேயே அது 71,000 கிலோமீற்றர் ஓடி முடித்திருந்தது!

இந்தத் தாளைப் பற்றி மாணவரும் அறிந்திருத்தல் நன்று. ஜப்பானிய ஏல நிலையங்களில் பரிசோதகர் ஒருவர் காரைப் பார்த்துத் தரம் இடுகிறார். 4, 4.5 போன்ற இலக்கங்கள் நல்ல நிலையைக் குறிக்கும். 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் கார் விபத்திற் சிக்கித் திருத்தப்பட்டது என்று பொருள். காரின் உருவப்படத்தின் மேல் 'ஏ' என்றால் கீறல், 'யூ' என்றால் நெளிவு, 'டபிள்யூ' என்றால் திருத்திய இடம், 'எக்ஸ்.எக்ஸ்' என்றால் மாற்றப்பட்ட பாகம். விற்பவர் காட்டும் தாளும் போலியாக இருக்கக்கூடும். ஆகவே செசி இலக்கத்தைக் கொண்டு நாமே வேறுவழியிற் பெறுவதே பாதுகாப்பு.

கராஜ்காரர் ஆசனப் பட்டியை அதன் கடைசி நுனிவரை இழுத்துப் பார்த்ததன் காரணமும் அன்றுதான் விளங்கிற்று. வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் பட்டியின் உள்நுனியில் சேற்றுக் கறை தங்கிவிடுமாம். மேலதிகச் சில்லு வைக்கும் குழியிலும் ஆசனத்தின் அடிக்கம்பிகளிலும் துரு காட்டிக்கொடுக்கும். 2016 மே மாதத்துக் களனி வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் கண்ட நாட்டிலே இது சிறு விடயமன்று. எயார் பேக் விளக்கையும் கவனிக்கச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, சிறிது நேரத்தில் அணைய வேண்டும். எரியவே இல்லையாயின் எவரோ அதனைப் பிடுங்கியிருக்கக்கூடும். விபத்தில் வெடித்த பையை மாற்றாமல் விளக்கை மாத்திரம் 'மாற்றுவோர்' இருக்கிறார்களாம்.

பத்திர விடயம் இதனினும் பெரிது. பதிவுச் சான்றிதழில் உரிமையாளரின் பெயருக்குப் புறம்பாக நிதிக் கம்பனியின் பெயரும் முழு உரிமையாளராக இருக்குமாயின், கடன் தீர்ந்ததென்று அக்கம்பனி எழுத்தில் தராமல் ஒரு சதமும் கொடுத்தலாகாது. வாடகைக்கு எடுத்த காரைக் கள்ளப் பத்திரத்தோடு விற்றுவிட்டு மறைந்தவர்களின் செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். பெயர் மாற்றாமல் ஒப்பமிட்ட படிவங்களுடன் கைக்குக் கை மாறும் 'ஓப்பன் பேப்பர்' கார்களும் உண்டு. உரிமை மாறினால் விற்றவர் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். எம்.டி.ஏ. 6 என்னும் படிவம் விற்பவருடையது, எம்.டி.ஏ. 8 வாங்குபவருடையது. பதிவிலுள்ள உரிமையாளர் நேரில் வந்து, எமது கண்முன்னே ஒப்பமிடட்டும். வரமுடியாது என்று நூறு காரணம் சொல்பவரிடம் நூற்றோராவது காரணமும் இருக்கும். சான்றிதழிலுள்ள செசி, இயந்திர இலக்கங்களைக் காரில் பொறிக்கப்பட்டவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குவதும் அவ்விடத்திலேயே ஆகவேண்டும்.

மூன்றாவது கார் வவுனியாவில் அகப்பட்டது. 1,40,000 கிலோமீற்றர் ஓடியது என்று உரிமையாளர் தாமே சொன்னார். மானியும் அதையே சொல்லிற்று. இடது கதவில் ஒரு நெளிவு. அதனையும் மறைக்கவில்லை. விலையில் ஐயாயிரம் ரூபாகூடக் குறைக்க மறுத்துவிட்டார். கராஜ்காரர் தலையசைத்தார், வாங்கினோம். தாயார் இப்போது முன்னாசனத்தில் இருந்தபடி, "தம்பி, மெதுவாப் போ" என்று ஆஸ்பத்திரி வாசல்வரை சொல்லிக்கொண்டு வருகிறார்.

சென்ற மாதம் எமது சக ஆசிரியர் ஒருவர், மலிவான கார் ஒன்று இருப்பதாகக் கைத்தொலைபேசியை நீட்டினார். வெள்ளை வாகன் ஆர், அதே மதில். விலை மாத்திரம் இரண்டு இலட்சம் ஏறியிருந்தது. இம்முறை பயணம் அவுஸ்திரேலியாவுக்காம்.