என்புருக்கி நோய்: அறியும் வகையும் தீர்க்கும் வகையும்

நோய்க்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் கண்ணாற் கண்டதையும் காதாற் கேட்டதையுமே பற்றுக்கோடாகக் கொண்டனர். மூச்சு இரைந்தால் இரைப்பு, இழுத்தால் இழுப்பு, கோழை கட்டினால் ஈளை, உடல் நாளுக்கு நாள் உருகி எலும்பு தோன்றினால் என்புருக்கி. இன்று யாவரும் வழங்கும் காசம் என்னும் சொல்லும் வடமொழியில் இருமலையே குறிக்கும். க்ஷயம் என்பது தேய்வு. இப்பெயர்கள் நோயின் புறத்தோற்றத்தைச் சொல்வனவேயன்றி, நுரையீரலினுள் நிகழ்வது யாதென்று சொல்வன அல்ல. சொல்லாராய்ச்சி பயிலும் எமக்கு இவை இனிமை பயப்பினும், நோயுற்றோர்க்கு இவற்றாற் பயன் சிறிதே. இருமல் பல நோய்களுக்கும் பொது, இளைப்பும் அங்ஙனமே. விலாவெலும்புகளாற் காக்கப்பட்டுக் கண்ணுக்குப் புலனாகாது கிடக்கும் ஓர் உறுப்பினுள் நோய் உளதா, உளதாயின் எந்நோய் என்று மருத்துவர் எங்ஙனம் துணிந்தனர்? துணிந்தபின் எங்ஙனம் தீர்த்தனர்? மார்பு நோய்கள் பலவற்றுள்ளும் என்புருக்கி ஒன்றையே எடுத்துக்கொண்டு, இவ்விரண்டு வினாக்களுக்கும் யாம் அறிந்த அளவில் விடை கூற முற்படுகின்றோம். தீரும் நோயாகிவிட்ட பின்னும் மறைக்கப்படும் நோயாகவே அது இருந்து வருதலே இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

சந்தையில் மட்குடம் வாங்கும் நம் தாய்மார் அதனை விரலாற் சுண்டிப் பார்த்தே வாங்குவர். ஓசையினால் உள்ளீட்டை அறியும் இம்முறையை மனிதன் மார்புக்குப் பயன்படுத்தியவர் லியோபோல்ட் அவுன்புருக்கர் என்பவர். இவர் ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவர் ஒருவரின் மைந்தர். வியன்னாவில் மருத்துவராயிருந்து, 1761ஆம் ஆண்டில் இதுபற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். காற்று நிறைந்த நுரையீரல் தட்டும்போது முழங்கும். நீர் கோத்த இடமோ, தசைபோல் இறுகிய இடமோ மந்தமாய் ஒலிக்கும். இத்துணை எளிய உண்மையை அக்கால மருத்துவருட் பெரும்பாலார் பொருட்படுத்தவில்லை. பாரிஸ் நகரத்துக் கொர்விசார் என்னும் பேராசிரியர் 1808இல் அந்நூலைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்த பின்னரே அது உலகறிய வந்தது. நல்ல நூலொன்று மொழிபெயர்ப்பாளனுக்காகக் காத்திருந்ததற்கு இது ஒரு சான்று என எம்போன்ற மொழி மாணவர் சற்றே பெருமை கொள்ளலாம்.

அக்கொர்விசாரின் மாணவருள் ஒருவரே லெனெக். 1816இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் இதய நோய்க் குறிகளோடு இளம்பெண் ஒருத்தி இவரிடம் வந்தாள். அவள் உடல் பருத்திருந்தமையால் தட்டிப் பார்த்தலாற் பயனில்லை; மார்பில் நேரே செவியை வைத்தற்கோ அவளது வயதும் பெண்மையும் இடந்தரவில்லை. மரக்கட்டையின் ஒரு முனையிற் குண்டூசியாற் கீறினால் மறுமுனையிற் செவி வைத்தார்க்கு அது தெளிவாய்க் கேட்கும் என்பது லெனெக்கின் நினைவுக்கு வந்தது. உடனே தாள்கள் சிலவற்றை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். நேரே செவி வைத்துக் கேட்பதினும் தெளிவாய் இதயத்தின் ஒலி கேட்டது. தாட்சுருள் பின்னர் மரக்குழலாயிற்று. அதனைத் தாமே கடைசற் பொறியிற் கடைந்து செய்துகொண்டார். இன்று மருத்துவர் கழுத்திற் கிடக்கும் ஸ்டெதாஸ்கோப்புக்கு மூதாதை அதுவே.

கருவியைக் கண்டது பெரிதன்று. கேட்டதைப் பொருள் கொண்டதே பெரிது என்பது எம் கருத்து. உயிருள்ள நோயாளியிடம் கேட்ட ஒலியை லெனெக் குறித்து வைத்தார்; அந்நோயாளி இறந்துபட்டால் உடலை அறுத்து, அவ்வொலி எழுந்த இடத்தில் உள்ளே இருந்தது யாது என்று பார்த்தார். இங்ஙனம் ஒலிகளுக்கெல்லாம் ஓர் அகராதி உண்டாயிற்று. சட்டியில் உப்பு மெல்லப் பொரிவது போன்ற ஓசை, நுரையீரல் அழற்சியின் தொடக்கத்தைக் காட்டும். குழல் ஊதினாற்போன்ற சீழ்க்கை, காற்றுவழி சுருங்கியதைக் காட்டும். இரைப்பு நோயாளர் மார்பிற் கேட்பது இது. என்புருக்கியின் தனிக்குறியோ வியப்பானது. அந்நோய் முற்றி நுரையீரலைக் குடைந்து குகைபோன்ற வெற்றிடம் ஆக்கிவிட்டால், அவ்விடத்திற் குழலை வைத்து நோயாளியைப் பேசச் சொல்லும்போது, குரல் வாயினின்று வாராமல் நேரே மார்பினின்றே குழலேறி வருவதுபோற் கேட்கும். இவற்றையெல்லாம் 1819இல் நூலாக வெளியிட்ட லெனெக், 1826இல் தமது 45ஆம் வயதில் அவ்வென்புருக்கிக்கே இரையானார்.

எனினும் செவியால் அறிவது ஊகமே. குகை விழுந்த பின்னர் அறிதல் காலங் கடந்த அறிவுமாகும். நோயின் காரணத்தையே கண்ணாற் காட்டியவர் செருமானியராகிய இராபர்ட் கோக். 1882 மார்ச்சு 24ஆம் நாள் பெர்லினில் அறிஞர் கூடிய அவையொன்றில், இந்நோயை விளைப்பது கோல் வடிவான ஒரு நுண்ணுயிரே என மெய்ப்பித்தார். அதன்பின் நோயாளியின் கோழையைக் கண்ணாடிச் சில்லிற் பூசிச் சாயமேற்றி நுண்பெருக்கியாற் பார்ப்பது வழக்கமாயிற்று. நீலப் பின்புலத்திற் செந்நிறக் கோல்கள் தோன்றினால் ஐயம் இல்லை. தோன்றாவிடின் நோய் இல்லை என்று கொள்ளலாகாது. ஒரு மில்லி லிட்டர் கோழையில் ஐயாயிரம் முதல் பதினாயிரம் கிருமிகளேனும் இருந்தாலன்றி அவை கண்ணிற்படுதல் அரிது. கோழையிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்போமெனின், அது ஒன்று இரண்டாவதற்கு ஒரு நாளளவு எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. முடிவு தெரிய வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். 1895இற் கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸ் கதிர் நுரையீரலின் நிழலைக் காட்டும். ஆயினும் அந்நிழல் எதன் நிழல் என்று அது சொல்லாது.

ஐயத்தின் இடர் எத்தகையது என்பதற்குக் கணித மேதை இராமானுஜன் வரலாறு போதும். இங்கிலாந்தில் நோய்வாய்ப்பட்ட அவர் என்புருக்கியாளர் என்று கருதப்பட்டு, அந்நோய்க்குரிய ஆரோக்கிய நிலையங்களில் வைக்கப்பட்டார். அவற்றுள் ஒன்று தமிழராகிய டாக்டர் சவுரிமுத்து நடத்தியது. இராமானுஜன் 1920இல் மறைந்தார். அவருடைய நோய்க்குறிகளை 1994இல் மீள ஆராய்ந்த யங் என்பவர், அது கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாகவே இருத்தல் கூடும் என்று எழுதினார். அது அக்காலத்திலும் தீர்க்கக்கூடிய நோயே.

இன்றுள்ள முறை இவ்விடரைப் பெரிதும் குறைத்துவிட்டது. கிருமியின் மரபணுவையே தேடிப் பெருக்கிக் காணும் பொறியை உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்டது. அது ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், கிருமி உளதா என்பதையும், ரிபாம்பிசின் என்னும் தலையாய மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் ஒருங்கே கூறிவிடும். ஆனால் எத்தகைய பொறியும் கோழை கொடுத்தார்க்கே விடை கூறும்! இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை எவரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அரசு மருத்துவ நிலையங்களில் இதற்குப் பொருட்செலவு இல்லை. தொண்டையிலுள்ள எச்சிலைத் துப்புவதாற் பயனில்லை. ஆழ மூச்சிழுத்து இருமி, மார்பின் அடியினின்று வரும் கோழையையே கொடுத்தல் வேண்டும்.

இனி மருந்தின் வரலாறு. கிருமியைக் கண்ட பின்னரும் ஆறு பதிற்றாண்டுகள் அதனைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே மருந்தெனக் கருதப்பட்டமையால் மலைப்புறங்களிலும் திறந்த வெளிகளிலும் ஆரோக்கிய நிலையங்கள் எழுந்தன. மதனபள்ளிக்கு அருகே பல மிஷன்கள் கூடி நிறுவிய ஆரோக்கியவரம் 1915இல் திறக்கப்பட்டது. தாம்பரத்தில் அச்சவுரிமுத்து அவர்களே 1928இல் ஒன்றைத் தொடங்கினார். அங்கே நோயாளர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் படுத்திருந்தனர். நோயுற்ற நுரையீரலைச் சுற்றிக் காற்றேற்றி அதனைச் சுருங்கச்செய்து ஓய்வு கொடுப்பதும், விலாவெலும்புகளை அறுத்தெடுப்பதும் உண்டு. பிழைத்தவரும் உளர், பிழையாதவர் பலர்.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 107 நோயாளரை எடுத்துக்கொண்டு, 55 பேருக்கு அம்மருந்தும் படுக்கையோய்வும், 52 பேருக்குப் படுக்கையோய்வு மாத்திரமும் அளித்து, 1948இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதத்தில் மருந்து பெற்றாருள் இறந்தவர் நால்வர். பெறாதாருள் 14 பேர். ஆயின் மருந்து பெற்றார் பலரிடத்தும் கிருமி அதற்கு அடங்காததாய் மாறிவிட்டது. கோடிக்கணக்கான கிருமிகளுள் இயல்பாகவே அம்மருந்துக்கு மசியாதன சில இருக்கும். மற்றவை மடிய இவை பெருகும். ஒரு மருந்துக்குத் தப்புவது மற்றொன்றுக்குத் தப்பாது. ஆதலின் பல மருந்துகளைச் சேர்த்தே கொடுத்தல் வேண்டும் என்னும் விதி பிறந்தது. 1952இல் ஐசோனியசிட் வந்தது. விலை மலிவு, விழுங்கும் மாத்திரை.

மாத்திரையால் தீருமெனின் படுக்கை எதற்கு? இவ்வினாவுக்கு விடை கண்டது நம் சென்னை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானியக் கழகமும் கூடி 1956இற் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார். நகரத்து ஏழை மக்களுள் 193 நோயாளரைத் தேர்ந்து, திருவுளச்சீட்டு இட்டாற்போல அவர்களை இரு கூறாக்கினர். ஒரு கூற்றார் ஆரோக்கிய நிலையத்திற்குச் சென்றனர். மறுகூற்றார் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இருவர்க்கும் ஓராண்டுக்கு ஐசோனியசிட்டும் பாஸ் என்னும் மருந்தும் ஒரேவிதமாய்க் கொடுக்கப்பட்டன. நிலையத்திலிருந்தார்க்கு ஓய்வும் ஊட்டமும் மிகுதி. வீட்டிலிருந்தாரோ நெருக்கடியான சிற்றறைகளிற் குடும்பத்தோடு வாழ்ந்து, அரைவயிறு உண்டு, இயன்றபோது உழைத்தும் வந்தனர். அவர்கள் மருந்தை விழுங்கினரா என்று அறிய, ஊழியர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று சிறுநீரைப் பெற்றுச் சோதித்தனர்.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஆண்டிறுதியில் நோய் அடங்கினார், ஆரோக்கிய நிலையத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. எத்துணைச் சிறிய வேற்றுமை! நூற்றாண்டுக் காலமாய் இன்றியமையாதன என்று எண்ணப்பட்ட காற்றும் ஓய்வும் பாலும் முட்டையும், மருந்துக்கு முன்னர் அத்துணைச் சிறு பங்கே பெற்றன. இதனினும் வியப்புடையது ஒன்றுண்டு. வீட்டிலிருந்த நோயாளரின் மனைவி மக்களுக்கு, நிலையம் சென்றாரின் குடும்பத்தாரைக் காட்டிலும் நோய் மிகுதியாய்த் தொற்றவில்லை. தொற்றியதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னரே தொற்றியது. படுக்கைக்கு இடமில்லை என்று ஏழைகளைத் திருப்பியனுப்பிய நாடுகளெல்லாம் இம்முடிவைப் பின்பற்றின. நோயுற்ற மருமகளைத் தாய்வீட்டிற்கு அனுப்புவதும், தட்டையும் குவளையையும் பிரித்து வைப்பதும் இன்றும் நம்மூர்களில் உள. அவற்றாற் காக்கப்படுவார் ஒருவரும் இலர் என்பதை அன்றே சென்னை காட்டிவிட்டது. அந்நிலையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு இன்றும் சேத்துப்பட்டில் உளது.

பிற்காலத்து மருந்துகளால் ஓராண்டு ஆறு மாதமாய்ச் சுருங்கிற்று. முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்புட்டால் என்னும் நான்கும். பின் நான்கு மாதம் பைராசினமைட் நீங்கிய மூன்றும். முதற்சில வாரங்களிலேயே வேகமாய்ப் பெருகும் கிருமிகள் பெரும்பாலும் மடிந்து, இருமல் அடங்கி, பசியெடுத்து, உடல் தேறிவிடும். நோயாளர் மருந்தை நிறுத்துவது இந்த இடத்தில்தான். உறங்கிக் கிடக்கும் சில கிருமிகளைக் கொல்லவே எஞ்சிய மாதங்கள் வேண்டும். இடையில் நிறுத்தினால் அவை விழித்தெழும்; மருந்துக்கு அடங்காதனவாய் எழுதலும் உண்டு. அத்தகையவற்றுக்குப் பெடாகுயிலின் முதலிய புதுமருந்துகள் இப்பொழுது உள.

சென்னை ஆராய்ச்சியினின்று உணவு வேண்டா என்று முடிவுகட்டுவது தவறாகும். ஜார்க்கண்டில் நோயாளர் வீட்டாரைக்கொண்டு நடந்த பேராராய்ச்சியொன்று 2023இல் வெளிவந்தது. குடும்பத்தார்க்கும் உணவுப் பொருள் வழங்கிய வீடுகளில், புதிதாய் நோய் காண்பது நூற்றுக்கு நாற்பதளவு குறைந்தது என்று அது தெரிவிக்கின்றது. கிருமியை மருந்து கொல்லும். கிருமிக்கு இடங்கொடாத உடலை உணவு ஆக்கும். அரசாங்கம் நோயாளர்க்குத் திங்கள்தோறும் அளிக்கும் உணவுப்பணம் 2018இல் ஐந்நூறு ரூபாயாய்த் தொடங்கி, 2024இல் ஆயிரமாய் உயர்ந்தது.

வீட்டிலேயே தீரும் என்பது எல்லார்க்கும் பொருந்துமா? பொருந்தாதென்று கண்டு, தமிழ்நாட்டரசு 2022இற் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கிற்று. நோய் உறுதியானவுடன் செவிலியர் நோயாளியின் எடையையும் உயரத்தையும் அளக்கின்றனர்; காலில் வீக்கம் உளதா என்று அழுத்திப் பார்க்கின்றனர்; மணிக்கூடு நோக்கி ஒரு நிமிடத்து மூச்சை எண்ணுகின்றனர்; விரலிற் சிறு கருவியைச் செருகிக் குருதியின் பிராணவாயுவை அறிகின்றனர்; பிறர் துணையின்றி நிற்கக் கூடுமா என்று எழுந்து நிற்கச் சொல்கின்றனர். மிக மெலிந்தவரும், மூச்சு இருபத்துநான்குக்கு மேற்பட்டவரும், பிராணவாயு தொண்ணூற்றுநான்குக்குக் கீழிறங்கியவரும், நிற்க மாட்டாதவரும் மருத்துவமனையிற் சேர்க்கப்படுகின்றனர். ஏனையோர் மாத்திரை பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.