வேகமாக நடந்தும் ஹார்ட் ரேட் ஏறவில்லையா? பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை!

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை... சென்னையில் காலை 6 மணிக்கு எங்கே போனாலும் ஒரு காட்சி பொதுவாக இருக்கும். நடப்பவர்களில் பலர் பாதையைப் பார்ப்பதைவிட, கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். எத்தனை ஸ்டெப்ஸ், எத்தனை கலோரி, ஹார்ட் ரேட் எவ்வளவு?

இவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் அந்த வாட்ச் குழப்பத்தைத் தருகிறது. அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க நடந்தாலும் இதயத்துடிப்பு 95, 100-ஐத் தாண்டாது. 'இன்னும் வேகமாகப் போங்கள்' என்று ஆப் சொல்லும். நம்பி வேகத்தைக் கூட்டினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். இப்படிக் குழம்புகிறவர் நீங்களாகவோ உங்கள் அப்பா, அம்மாவாகவோ இருந்தால், முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். மெட்டோபுரோலால், பைசோபுரோலால், அட்டினோலால், நெபிவோலால், கார்விடிலால், புரோப்ரனோலால் என 'லால்' என்று முடியும் பெயர் இருக்கிறதா? அதுதான் பீட்டா பிளாக்கர்.

இதயத்துக்குள் துண்டு போடும் மாத்திரை

நாம் ஓடும்போதும் பதறும்போதும் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தில் இருக்கும் பீட்டா ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் துடிப்பு எகிறுகிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அந்த வேலையைத்தான் பீட்டா பிளாக்கர் செய்கிறது. அட்ரினலின் வருவதற்கு முன்பே அந்த இருக்கைகளில் இந்த மாத்திரை இடம் பிடித்துவிடுகிறது. இதயம் நிதானமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் குறைகிறது, இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவும் குறைகிறது.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலிக்காரர்களின் இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜனை அனுப்ப மற்றவர்கள் வழி தேடிக்கொண்டிருந்தபோது, 'இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன?' என்று யோசித்தவர் அவர். அப்படிப் பிறந்த புரோப்ரனோலால் 1960-களில் புழக்கத்துக்கு வந்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆரம்பத்தில், இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்று நினைத்தார்கள். பின்னர் 2,647 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் பைசோபுரோலாலைப் பரிசோதித்த ஐரோப்பிய ஆய்வு 1999-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களில் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஆய்வை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள்.

220 கணக்கு இங்கே செல்லாது

'220-லிருந்து வயதைக் கழி' என்ற கணக்கு ஜிம்மிலும் ஆப்களிலும் பிரபலம். 60 வயதுக்காரருக்கு 160 வருகிறது. அதில் 70 சதவிகிதம் என்றால் 112. பீட்டா பிளாக்கர் எடுப்பவர் இந்த 112-ஐத் தொட வேண்டுமென்றால், மற்றவர்களைவிடப் பல மடங்கு சிரமப்பட வேண்டியிருக்கும். சிலரால் தொடவே முடியாது. அதற்காக உடற்பயிற்சி பலன் தரவில்லை என்று அர்த்தமில்லை. துடிப்பு ஏறாவிட்டாலும் தசைகள் வலுவாகும், நடக்கும் திறன் கூடும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வரும்.

அப்படியென்றால் வேகத்தை எப்படி அளப்பது? உலகம் முழுக்க இதய மறுவாழ்வு மையங்கள் பயன்படுத்தும் இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன.

பேச்சுச் சோதனை: நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆனால், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

போர்க் அளவுகோல்: ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் உருவாக்கியது. 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்குமேல் முடியவே முடியாது என்ற நிலை. 'எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?' என்று நீங்களே மதிப்பெண் போட வேண்டும். இதய நோயாளிகளுக்குப் பொதுவாக 11 முதல் 14 வரை பரிந்துரைக்கப்படுகிறது. 'லேசாக இருக்கிறது' என்பதற்கும் 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்பதற்கும் இடைப்பட்ட நிலை இது.

எண்தான் வேண்டும் என்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு டிரெட்மில் டெஸ்ட் மூலம் தங்களுக்கான இலக்கைத் தெரிந்துகொள்ளலாம். பயிற்சிக்கான இலக்கு என்பதால், வழக்கமான மாத்திரையை எடுத்த நிலையில்தான் இந்த டெஸ்ட் செய்ய வேண்டும். அடைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் செய்யும் டெஸ்ட்டுக்குச் சில நேரம் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அதை மருத்துவர் சொன்னால் மட்டுமே செய்ய வேண்டும்.

எங்கே, எப்படி நடக்கலாம்?

அடையாறு, பெசன்ட் நகர் பகுதியில் தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் 8 கிலோமீட்டர் நடைபாதை 2023 நவம்பரில் தொடங்கப்பட்டது. அருமையான பாதைதான். ஆனால், மாத்திரையை இப்போதுதான் ஆரம்பித்தவர் முதல் நாளே 8 கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை. மருத்துவர் அனுமதித்த பிறகு 10 நிமிடத்தில் தொடங்கி, வாரா வாரம் சில நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த இலக்கை மெதுவாக எட்டினால் போதும்.

* கடற்கரை மணலில் நடப்பது தார்ச்சாலையில் நடப்பதைவிட அதிக உழைப்பைக் கேட்கும். முதலில் நடைபாதை, பழகிய பிறகு மணல்.

* தி.நகரில் இருப்பவர்களுக்குப் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை, கடைகள் திறப்பதற்கு முந்தைய காலை நேரத்தில் வசதி.

* முதல் 10 நிமிடம் மெதுவாக, கடைசி 10 நிமிடமும் மெதுவாக. மாத்திரை எடுப்பவர் நடையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். தரையில் உட்கார்ந்து ஆசனம் செய்துவிட்டு எழும்போதும் இதே நிதானம் வேண்டும்.

* மூச்சை அடக்கும் பிராணாயாமம், தலைகீழ் ஆசனங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்குவது... இவற்றை மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

* பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களின் உடல் வெயிலைத் தாங்குவது கொஞ்சம் கடினம். கத்திரி வெயில் காலத்தில் 7 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை, குறிப்பாக இதயச் செயலிழப்பு இருப்பவர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயும் இருக்கிறதா?

ரத்தச் சர்க்கரை திடீரென்று குறையும்போது படபடப்பும் கை நடுக்கமும் வரும். அவைதான் உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. பீட்டா பிளாக்கர் அந்த மணியின் ஓசையைக் குறைத்துவிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. எனவே இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், நடக்கும்போது காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலோ, பசியோ குழப்பமோ ஏற்பட்டாலோ உடனே நின்றுவிடுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில பீட்டா பிளாக்கர்கள் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியவை.

'அசதியா இருக்கு, நிறுத்திட்டேன்'

இதுதான் மிக ஆபத்தான முடிவு. முதல் சில வாரங்கள் அசதி, கை கால் சில்லிடுவது, ஒன்றிரண்டு கிலோ எடை கூடுவது எல்லாம் சிலருக்கு நடக்கும். பலருக்கு அசதி போகப் போகக் குறையும். 'நடக்கவே முடியலை' என்று மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த இதயம் அட்ரினலினுக்கு வேகமாகத் துள்ளும். நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போவதும் இதே கணக்கில்தான் சேரும்.

'மாரடைப்பு வந்த எல்லோருக்கும் பீட்டா பிளாக்கர் தேவையில்லையாமே' என்று வாட்ஸ்அப்பில் செய்தி பார்த்திருக்கலாம். இதன் பின்னணியில் உண்மையான ஆய்வு இருக்கிறது. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் நன்றாக உள்ள சுமார் 5,000 பேரிடம் நடந்து, 2024-ல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரையால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால், அதே ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தியவர்கள் இதயப் பிரச்னைகளுக்காக மருத்துவமனையில் சேர்வது அதிகமாக இருந்தது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். நிறுத்துவதென்றாலும் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

உடனே நிற்க வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் வருவது போன்ற உணர்வு, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு... இவற்றில் எது வந்தாலும் நடையை நிறுத்தி உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள். தானே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டாம். ஓய்வில் துடிப்பு 50-க்குக் கீழே இறங்கி, கூடவே தலைசுற்றலும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது இந்த மூன்று கேள்விகளை மொபைலில் குறித்துக்கொண்டு போங்கள்: 'நான் எந்த அளவு சிரமம் வரை நடக்கலாம்?', 'மாத்திரையை எந்த நேரத்தில், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா போட வேண்டும்?', 'ஒருவேளை மறந்துவிட்டால் என்ன செய்வது?' வீட்டில் பெரியவர்கள் தனியாக டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள் என்றால், பிள்ளைகள் இந்தக் கேள்விகளை அவர்கள் மொபைலுக்கு அனுப்பிவிடலாம்.