தூண்டிற்கோலுக்குக் கழி தெரிந்தெடுத்தல்

தூண்டிலில் பட்ட விரால் மீன் திறந்த நீரில் ஓடுவதில்லை. அருகிலுள்ள அல்லிக் கொடிகளுக்கும் கோரைக்கும் இடையே புகுந்துவிட முயலும். புகுவதற்கு முன்னுள்ள ஓரிரு நொடிகளில் அதன் தலையைத் திருப்ப இயலாவிடின் நரம்பு கொடியில் சிக்கி அறுந்துபோம். முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். மீனும் கிடைக்காது, அதுவும் நலமாகப் பிழைத்திராது. அந்தச் சில நொடிகளில் வேலை செய்வது பெரும்பாலும் கோலேயாகும். ஆதலால் தம் கையாலேயே கோல் கட்ட விரும்புவோர் முதலிற் சிந்திக்கவேண்டுவது வளையங்களையும் கைப்பிடியையும் பற்றியன்று. அவற்றைப் பொருத்துவதற்கு முன்னுள்ள வெறுங்கழியைப் பற்றியேயாம். இதனை வணிகர் 'பிளாங்க்' என்பர். வளையம் தவறினால் அவிழ்த்துக் கட்டலாம். கழி தவறினால் திருத்த வழியில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெயர் பெற்ற பாஸ் என்னும் நன்னீர் மீனும் விராலைப் போன்றே செடிகளின் நிழலில் பதுங்கியிருந்து இரை கொள்வது. அது நம் நாட்டு ஏரிகளுக்கு உரியதன்று. எனினும் அதற்கெனச் செய்யப்படும் கழிகள் விராலுக்கும் பெரிதும் பொருந்துகின்றன.

திருப்பதிக்குத் தென்கிழக்கே, சென்னை செல்லும் சாலையிலுள்ள புத்தூரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கழியைப் பற்றிய முதற்பாடத்தைக் கற்கலாம். இப்பகுதியின் வறண்ட காடுகளுக்கு உரியது கல்மூங்கில். தாவர நூலார் இதனை டெண்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ் என்பர். ஈரம் மிகுந்த இடத்தில் இதன் தண்டு உட்குழிவுடன் வளரும். வறண்ட பாறை நிலத்திலோ ஏறக்குறைய முழுதும் கெட்டியாகவே இருக்கும். எலும்பு முறிவுக்குக் கட்டும் புத்தூர்க் கட்டு எங்கும் அறிந்ததே. அக்கட்டில் வைக்கும் மூங்கிற் பத்தை வளையாதிருத்தல் வேண்டும். தூண்டிற்கோலுக்கு ஆகும் மூங்கிலோ வளைந்து, வளைந்தவாறே நின்றுவிடாது மீளவேண்டும். ஒரே தாவரம் இரண்டிற்கும் உதவுகிறது.

இம்மூங்கில் கடல் கடந்தும் சென்றதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கைவினைஞர், மூங்கிலை முக்கோணக் கீற்றுகளாகப் பிளந்து, ஆறு கீற்றுகளை ஒட்டி, அறுகோணக் கோல்கள் செய்யத் தொடங்கினர். அதற்கு அவர்கள் வாங்கியது 'கல்கத்தாக் கழி' என்னும் இந்திய மூங்கில். அது கல்மூங்கிலே என்பது பலர் கருத்து. பின்னர்த் தென்சீனத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பெற்றது. இச்சீன இனத்திற்கு 1931-இல் அறிவியற் பெயரிட்டவர் மக்ளூர் என்னும் அமெரிக்கத் தாவர நூலார். 1950-இல் அமெரிக்கா சீனாவுடனான வாணிகத்தைத் தடை செய்தபோது அவ்வரத்து நின்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கண்ணாடியிழைக் கோல்கள் சந்தைக்கு வந்திருந்தமையால் மாற்றம் விரைந்து நிகழ்ந்தது.

மூங்கிலைத் தேர்வோர் மூன்றாண்டு முதிர்ந்த, கணுக்கள் சீரான தண்டைக் கொள்வர். மூங்கிலின் வலிய நார்கள் மேற்றோலை ஒட்டியே நெருங்கியிருக்கின்றன. அழகு கருதி மேற்புறத்தைச் சீவுவோர் வலுவையே சீவி எறிகின்றனர் எனலாம். தண்டிலுள்ள மாப்பொருளை நாடி வண்டு துளைக்கும். வெட்டியபின் சில வாரங்கள் குளத்து நீரில் ஊறவைத்தால் அப்பொருள் கரைந்து வெளியேறும். பின்னர் நிழலில் உலர்த்தவேண்டும். காப்புக் காட்டில் அனுமதியின்றி மூங்கில் வெட்டுதல் குற்றமென்பதை மாணவரை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் மறத்தலாகாது.

கெட்டியான கழிக்கு ஒரு குறையுண்டு. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டிக் கழியையும், அதே பொருளாலான, வெளிவிட்டம் 16, உள்விட்டம் 12.5 மில்லிமீட்டர் உள்ள குழாயையும் ஒப்பிடுக. ஒரே நீளத்தில் இரண்டின் எடையும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் குழாயின் விறைப்பு நான்கு மடங்கு. பொருள் நடு அச்சிலிருந்து விலகியிருக்குந்தோறும் வளைவை எதிர்க்கும் ஆற்றல் மிகுவதே காரணம். இக்காலக் கழிகள் பெரும்பாலும் குழாய்களாகவே இருத்தல் இதனால்தான்.

குழாய்க் கழிகளில் இரு வகை சிறந்தவை. கண்ணாடியிழையின் யங் குணகம் ஏறத்தாழ 72 ஜிகா பாஸ்கல். பொதுவான கரி இழையின் குணகம் ஏறத்தாழ 230. கரி இழை எடையிலும் குறைந்தது. ஆதலால் மெல்லிய, இலேசான, மீன் தொடுவதைக் கையில் உடனே உணர்த்தும் கழி அதிற் கிடைக்கும். ஆயினும் கண்ணாடியிழை முறியுமுன் மிகுதியாக நீளக்கூடியது. கரி இழை அத்துணை பொறுக்காது. படகின் விளிம்பிலோ பாறையிலோ அடிபட்ட கரி இழைக் கழி அன்று முறியாமல், மற்றொரு நாள் மீன் பட்டபோது முறிவதுண்டு. குணகம் உயர்ந்ததே சிறந்ததென விலைப்பட்டியல் கூறுவதை அப்படியே நம்பவேண்டுவதில்லை. சைக்கிளில் கட்டி ஏரிக்கரைக்குக் கொண்டுசெல்லப்படும் கோலுக்கு நடுத்தரக் கரி இழையோ, இரண்டும் கலந்ததோ போதும்.

பட்டியலில் காணும் இரு சொற்களைப் பலர் ஒன்றெனக் கொள்கின்றனர். 'பவர்' என்பது கழியின் வலு. அதனை வளைக்க எத்துணைப் பாரம் வேண்டும் என்பது. 'ஆக்ஷன்' என்பது வளைவின் இடம். நுனிப்பகுதி மட்டும் வளைந்து கீழே விறைத்து நிற்பது 'ஃபாஸ்ட்'. அடிவரை வளைவது 'ஸ்லோ'. வலுமிக்க கழி அடிவரை வளைவதாகவும் இருக்கலாம். வலுக்குறைந்தது நுனியில் மட்டும் வளைவதாகவும் இருக்கலாம். இடர்ப்பாடு யாதெனில், 'மீடியம் ஹெவி' என்பதற்குப் பொது அளவு எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 'ஹெவி' மற்றொன்றின் 'மீடியம்' ஆகலாம்.

இக்குழப்பத்தை நீக்க ஹானிமன் என்னும் அமெரிக்கர் நாணயங்களைக் கொண்டு அளக்கும் எளிய முறையொன்றை 2003-இல் வெளியிட்டார். அதனைப் பள்ளியிலும் செய்து காட்டலாம். கழியின் அடியை மேசையோடு கிடைமட்டமாக இறுகப் பிணைத்து, நுனியில் சிறு பையைத் தொங்கவிட்டு, கழியின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு நுனி தாழும்வரை அதில் மணலிடுக. 210 சென்டிமீட்டர் கழியாயின் 70 சென்டிமீட்டர் தாழவேண்டும். அந்த மணலின் எடையே வலுவின் அளவு. அந்நிலையில் நுனி கிடைமட்டத்தோடு ஆக்கும் கோணத்தையும் குறித்துக்கொள்க. கோணம் பெரிதாகுந்தோறும் வளைவு நுனியை நோக்கிச் செல்கிறதென்பது பொருள். இரு கழிகளை இவ்வாறு அளந்துவிட்டால் பட்டியற் சொற்களின் மயக்கம் தீரும்.

செடி அடர்ந்த ஏரியில், தவளை வடிவிலான மிதக்கும் செயற்கை இரையை எறிந்து விரால் பிடிக்க ஏழடி நீளமும், மிகுந்த வலுவும், ஃபாஸ்ட் வளைவும் உடைய கழி ஏற்றது. எறியவேண்டிய இரையின் எடை கழியின் மேல் எழுதிய வரம்பிற்குள் இருத்தல் வேண்டும். 15 கிராம் இரை எறிபவருக்கு 30 கிராமுக்கு மேற்பட்டவற்றிற்கெனச் செய்த கழியால் பயனில்லை. நுனி வளையாது, இரையும் தொலைவிற் செல்லாது. திறந்த நீரில் கெண்டை பிடிப்போருக்கு இக்கழி ஆகாது. கெண்டையின் மெல்லிய வாயை முள் கிழித்துவிடும். அதற்கு நடுவரை வளையும் மென்கழியே தக்கது.

வாங்குமுன் கழியை உருட்டி நேராயிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி நோக்குக. இழைத்துணியைச் சுற்றிச் செய்வதால் கழியின் ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். இதனை 'ஸ்பைன்' என்பர். இதுபற்றி நெடிய வாதங்கள் உண்டு. வளையங்கள் மேற்புறம் உள்ள கோல் முறுக்கிக்கொள்வதற்கு முதற்காரணம் நரம்பு கழியின் மேலிருந்து இழுப்பதேயன்றி ஸ்பைன் அன்று. கழியின் நேர்மையே முதலிற் கருதத்தக்கது.

ஓர் எச்சரிக்கை. கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரைகளில் பம்புசெட்டுகளுக்குச் செல்லும் கம்பிகள் தாழ்ந்திருக்குமிடங்களில் அத்தகைய கோலை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து. இடி மின்னலின்போது அதனைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு அகலவேண்டும். ஈரமான மூங்கிலையும் மின்கம்பியருகே நம்புதற்கில்லை.

கழியின் நீளம் மிகையாயின் அடிப்புறத்தில் அறுக்கலாம்; நுனியின் இயல்பு பெரிதும் மாறாது. நுனியில் சில அங்குலம் அறுத்தாலோ, தொடுகையை உணரும் மென்பகுதி போய்விடும். எஞ்சுவது விலைகொடுத்து வாங்கிய கழியன்று, வேறொரு கழி.