பக்கத்தில் ஒரு கடல்... ஆறு போவதோ வேறு கடலுக்கு!

கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் ஆறு ஒன்று உண்டா? ஜெர்மனியின் வடகோடியில் உண்டு. அதன் பெயர் ஐடர்.

கீல் நகரத்துக்குத் தெற்கே பிறந்து, வடக்கே ஓடி, கீல் நகரின் விளிம்பு வரை வருகிறது ஐடர். இன்னும் சில கிலோமீட்டர் போனால் பால்டிக் கடல். ஆனால், அங்கே மேற்கே திரும்பிவிடுகிறது! மாநிலத்தையே குறுக்காகக் கடந்து, டோனிங் ஊரைத் தாண்டி வடகடலில் கலக்கிறது. சுமார் 188 கி.மீ. நீளம். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தின் மிக நீளமான ஆறு இதுதான்.

ஏன் இந்தச் சுற்றுவழி? பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிவந்த மண்ணும் கல்லும் கிழக்குப் பக்கம் மேடுகளாகக் குவிந்துவிட்டன. அந்த மேடுகள்தான் ஆற்றை மறித்து மேற்கே அனுப்பின.

இரண்டு கடல்களுக்கும் நடுவே ஓடும் ஆறு என்பதால், மனிதர்கள் சும்மா விடவில்லை. டென்மார்க்கைச் சுற்றாமல் கப்பல்கள் போக, 1784-ல் ஐடர் கால்வாய் திறக்கப்பட்டது. 1895-ல் அதைவிடப் பெரிய கீல் கால்வாய் வந்தது. கப்பல்களுக்குக் கொண்டாட்டம். ஆற்றுக்கோ வெட்டு! மேல் ஐடரின் தண்ணீர் கால்வாயில் விழ, ரென்ட்ஸ்பர்க்கில் தொடங்கும் கீழ் ஐடர் தனியாகத் துண்டிக்கப்பட்டது.

மேலிருந்து வரும் நீர் குறைந்துவிட்டது. கடலில் இருந்தோ தினமும் ஓதம் ஏறி வந்தது. புயல் நாள்களில் தாழ்நிலங்களுக்கு ஆபத்து. அதைத் தடுக்க 1936-ல் நார்ட்ஃபெல்ட் என்ற இடத்தில் மதகுகளோடு அணை கட்டினார்கள். ஓதம் அங்கேயே நின்றது. ஆனால், அணைக்குக் கீழே வண்டல் படிந்து ஆறு தூர்ந்துபோகத் தொடங்கியது.

1962 பிப்ரவரியில் வடகடலில் பெரும் புயல் வெள்ளம். ஹாம்பர்க் நகரில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பிறகு, ஐடரின் முகத்துவாரத்தையே அடைக்க முடிவானது. 1973-ல் திறக்கப்பட்ட அந்தத் தடுப்பணையில் ஐந்து வழிகள். ஒவ்வொன்றும் 40 மீட்டர் அகலம். சாதாரண நாள்களில் கதவுகள் திறந்தே இருக்கும், ஓதம் வந்துபோகும். புயல் வந்தால் மூடிவிடுவார்கள்.

ஒரு காலத்தில் தன் பாதையைப் பனிப்பாறையிடம் கேட்டுக்கொண்ட ஆறு, இன்று கடலுக்குள் போக மனிதர் கையில் இருக்கும் கதவைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஆற்றை ஓரிடத்தில் வெட்டினால் வேலை அங்கேயே முடிந்துவிடுவதில்லை. அடுத்தடுத்த தலைமுறைகளும் அதற்குக் காவல் இருக்க வேண்டும்!