காரீயமும் பெண்களின் கைகளும்

பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்துக்கும் யுத்தத்துக்கும் என்ன தொடர்பு? தோட்டாக் கூட்டுக்கான பித்தளையைக் காரீயம் கலந்த மூசைகளில் உருக்கினார்கள். ஆகவே முதலாம் உலகப் போரின்போது, 1916 அளவில், நமது நாட்டுச் சுரங்கக் காரீயத்துக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது.

சுரங்கத்தில் இறங்கியவர்கள் ஆண்கள். தோண்டிய காரீயம் கொழும்புக் கொட்டில்களுக்கு வந்தது. அங்கே அதை அரித்து, கையால் தரம் பிரித்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். (அந்தக் கறுப்புத் தூள் சவர்க்காரத்துக்கும் இலேசில் போகாது!) 1918இல் சமாதானம் வந்தது. காரீயத்தின் விலை விழுந்தது; பல சுரங்கங்கள் மூடப்பட்டன; கொட்டில் பெண்கள் பலரின் நாட்கூலியும் நின்றது.

கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய நிர்வாக அறிக்கைகளைப் பார்க்கலாம். ஏற்றுமதிக் கணக்கு அவற்றில் கிடைக்கும். கொட்டிலில் குந்தியிருந்த பெண்ணின் பெயரை அவற்றில் தேடிப் பயனில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாயார் இவ்வேலைக்குப் போனதாகச் சொல்லும் முதியவர் உங்கள் ஒழுங்கையில் இருந்தால், சகோதரிகளே, கேட்டு எழுதிவையுங்கள்.